ஹாஸ்டல் கதவு மக்கர் பண்ணுதா? அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

“அண்ணா, கார்டு வேலை செய்யல.” எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே வாக்கியம்தான். போய்ப் பார்த்தால் கார்டு நன்றாகத்தான் இருக்கும். கதவு கீலில் இறங்கியிருக்கும், பேட்டரி படுத்திருக்கும், பவர் சப்ளை பெட்டிக்குள் ஒரு பல்லி கருகிக் கிடக்கும். கல்லூரி விடுதிகளில் ஆர்.எஃப்.ஐ.டி. கதவுகளை, அதாவது கார்டைக் காட்டினால் ரேடியோ அலையில் படித்துத் திறக்கும் கதவுகளை, மாட்டுவதும் பராமரிப்பதும்தான் என் பிழைப்பு. அதில் கற்றுக்கொண்ட முதல் பாடம், கம்ப்யூட்டரை விட்டுவிட்டுக் கதவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது. சாஃப்ட்வேரைத் திறந்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போகும். கதவைக் கையால் இரண்டு முறை திறந்து மூடிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இது விடுதி எலக்ட்ரீஷியனுக்கும், சிஸ்டம் அட்மினுக்கும், நள்ளிரவில் இருவரையும் பிடிக்க முடியாமல் தவிக்கும் வார்டனுக்கும் சேர்த்து எழுதியது. கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்குரூ டிரைவர், ஏற ஒரு ஸ்டூல் வேண்டும். இவற்றைவிட முக்கியமாக, எல்லாக் கதவையும் திறக்கும் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு கார்டு வேண்டும். அது இல்லாமல் பழுது பார்க்கக் கிளம்பாதீர்கள்.

நடப்பது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதவோரம் கார்டைக் காட்டும் சின்னப் பெட்டிதான் ரீடர். அது தன்னைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை விட்டுக்கொண்டே இருக்கும். கார்டுக்குள் பேட்டரி கிடையாது. செம்புக் கம்பிச் சுருள் ஒன்றும் கடுகு அளவு சிப் ஒன்றும் மட்டுமே. புலத்துக்குள் வந்ததும் சுருளில் மின்சாரம் பிறக்கிறது, சிப் விழித்துத் தன் எண்ணைச் சொல்கிறது. ரீடர் அதைக் கதவைத் திறப்பதா என்று முடிவுசெய்யும் கன்ட்ரோலருக்கு அனுப்புகிறது. கன்ட்ரோலர் தன் பட்டியலில் தேடி, எண் இருந்தால் ரிலே என்ற மின் சுவிட்சைத் தட்டுகிறது. கரண்ட் இருக்கும்வரை கதவைக் காந்தமாகப் பிடித்திருப்பது மேக்னட் லாக். ரிலே அதன் கரண்டை ஐந்து விநாடி துண்டிக்கிறது, கதவு விடுபடுகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் விடுதியில் அதற்கு ஒரே பெயர்தான்: “கார்டு வேலை செய்யல.”

கார்டைக் காட்டினால் சத்தமே இல்லை

உங்கள் நல்ல கார்டைக் காட்டுங்கள். அதற்கும் சத்தம் இல்லையென்றால் பெரும்பாலும் ரீடருக்குப் பவர் வரவில்லை. ரீடரின் சிவப்பு, கறுப்பு வயர்களுக்கு நடுவே மீட்டர் வையுங்கள். 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பூஜ்யம் என்றால் ஃபியூஸையும் பவர் சப்ளை பெட்டியையும் பாருங்கள். பெட்டியின் வெதுவெதுப்பைத் தேடி எறும்பு கூடு கட்டியிருக்கும், பூச்சி தேடிப் பல்லி போயிருக்கும். கேபிள் நுழையும் ஓட்டையை சிலிகான் வைத்து அடைத்தால் இந்தத் தொல்லையில் முக்கால்வாசி போய்விடும். மழைக்காலத்தில் வாசல் ரீடர் ஒன்று மட்டும் ஊமையாகிறது என்றால் அதன் முதுகுப் பக்கம் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மேலே ஒரு சின்னக் கூரைத் தகடு வையுங்கள்.

உங்கள் கார்டுக்குச் சத்தம் வந்து மாணவரின் கார்டுக்கு வரவில்லையா? கார்டை வாங்கி, போன் டார்ச்சை அதன் பின்னால் பிடித்துப் பாருங்கள். படம் அச்சிடாத வெள்ளைக் கார்டாக இருந்தால் உள்ளே ஓடும் சுருள் நிழலாகத் தெரியும். ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களில் ஒரு வகுப்புக்கே கார்டு வேலை செய்யவில்லை. சப்ளை செய்தவரிடம் சண்டை, புதுப் பெட்டி வரவழைப்பு என்று பத்து நாள் போனது. கடைசியில் பார்த்தால், கழுத்தில் மாட்டும் கயிற்றுக்காக ஆபீசில் பஞ்சிங் மெஷின் வைத்து ஓட்டை போட்டிருக்கிறார்கள். ஓட்டை சரியாகச் சுருளின் மேல் விழுந்திருக்கிறது. ஒரு சுற்று அறுந்தாலும் அந்தக் கார்டு வெறும் பிளாஸ்டிக். ஓட்டை வேண்டுமென்றால் முன்கூட்டியே துளையிட்ட கார்டாக வாங்குங்கள், இல்லாவிட்டால் உறையில் போட்டு மாட்டுங்கள்.

கார்டு முழுதாக இருந்தும் சில நேரம் படிக்கிறது, சில நேரம் படிக்கவில்லை என்றால் பர்ஸைத் திறக்கச் சொல்லுங்கள். வங்கியின் டெபிட் கார்டு, மெட்ரோ கார்டு, விடுதிக் கார்டு மூன்றும் அடுக்காக இருக்கும். விடுதிக் கார்டு 13.56 மெகாஹெர்ட்ஸ் வகை என்றால் தட்டி வாங்கும் டெபிட் கார்டும் அதே அலைவரிசைதான். தரம் குறைந்த ரீடர் எது முதலில் பேசுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும், அல்லது குழம்பிப் பேசாமல் இருக்கும். 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு இரண்டு சேர்ந்தாலும் இதே கதி, பழைய ஈ.எம். வகைக் கார்டுகளுக்கு ஒன்றுக்கு ஒன்று வழிவிட்டுப் பேசத் தெரியாது. போன் கவருக்குள் கார்டைச் செருகி வைப்பவர்களுக்கும் இதே பதில். “போனையே கார்டா வச்சுக்கலாமாண்ணா?” என்று அடுத்து கேட்பார்கள். கன்ட்ரோலர் எண்ணை மட்டும் பார்க்கும் வகை என்றால் முடியாது. பெரும்பாலான போன்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணைத்தான் சொல்லும்.

எல்லாருக்கும் படிக்கிறது, ஆனால் ரீடரில் கார்டை ஒட்டி வைத்தால்தான் படிக்கிறது என்றால் ரீடரை இரும்பு நிலையிலோ கேட் கம்பியிலோ நேராகத் திருகியிருப்பார்கள். உலோகம் புலத்தை விழுங்கிவிடும். பின்னால் அரை அங்குல மரப்பலகையோ பிளாஸ்டிக் பெட்டியோ வைத்து உயர்த்துங்கள். மெல்லிய பார்ட்டிஷன் சுவரின் இரு பக்கமும் உள் ரீடர், வெளி ரீடர் நேருக்கு நேர் முதுகு ஒட்டி இருந்தாலும் ஒன்றை ஒன்று கெடுக்கும். ஒன்றை ஓரடி தள்ளி மாட்டினால் போதும்.

பீப் வருகிறது, ஆனால் “அனுமதி இல்லை” என்கிறது

கார்டும் ரீடரும் பேசிவிட்டன. சொன்ன எண்ணும் பட்டியலில் இருக்கும் எண்ணும் ஒன்றல்ல. குற்றம் பெரும்பாலும் டைப் அடித்ததில்தான். கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

125 கிலோஹெர்ட்ஸ் கார்டின் முதுகில் இப்படி அச்சடித்திருக்கும்: 0007654321 116,52145. இரண்டும் ஒரே எண்தான். 116-ஐ 65,536-ஆல் பெருக்கி 52,145-ஐக் கூட்டினால் 76,54,321 வரும். ரீடரிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் வீகண்ட் 26 முறையில் மொத்தம் 26 பிட். முதலும் கடைசியும் சரிபார்ப்புக்கு. நடுவே 8 பிட்டில் 116, 16 பிட்டில் 52145. உங்கள் சாஃப்ட்வேர் எதைக் கேட்கிறது என்பதுதான் கேள்வி. சிலது பத்து இலக்க எண்ணைக் கேட்கும். சிலது 11652145 என்று எட்டு இலக்கமாகக் கேட்கும். சிலது கடைசி ஐந்து இலக்கத்தை மட்டும். ஆபீஸில் டைப் அடித்தவர் கார்டில் பெரிதாகத் தெரிந்ததை அடித்திருப்பார்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி: கார்டைக் காட்டிவிட்டு, சாஃப்ட்வேரின் நேரலைப் பதிவில் எந்த எண் வந்து விழுகிறது என்று பாருங்கள். விழுந்த எண்ணையே அந்த மாணவரின் பெயருக்கு எதிரே போடுங்கள். கையால் அடிப்பதை விட்டு, மேசை ரீடரில் தட்டிப் பதிவது இன்னும் நல்லது. எக்செல் வழியாக மொத்தமாக ஏற்றினால் அந்தப் பத்தியை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் எக்செல் முன்னால் நிற்கும் பூஜ்யங்களை எல்லாம் தின்றுவிடும். 04500312 என்பது 4500312 ஆகிவிடும், நூறு பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள்.

இதே குடும்பத்தில் ஒரு விபரீதம் உண்டு: கவிதா தட்டினால் பதிவில் கலா என்று விழும். சின்னக் கன்ட்ரோலர்கள் சில முன்னால் வரும் அந்த 8 பிட்டைக் கண்டுகொள்வதே இல்லை. 16 பிட்டில் மொத்தம் 65,536 எண்கள்தான் அடங்கும். வெவ்வேறு ஆண்டில் வாங்கிய இரண்டு பெட்டிகளில் 116,52145 ஒன்றும் 117,52145 ஒன்றும் இருந்தால் இரண்டும் அதற்கு ஒரே ஆள். கார்டை மாற்றிக் கொடுத்து அன்றைக்குச் சமாளிக்கலாம். சரியான வைத்தியம், ரீடரையும் கன்ட்ரோலரையும் 34 பிட் அனுப்பும் வீகண்ட் 34-க்கு மாற்றி எல்லாக் கார்டையும் மறுபடி பதிவது. விடுமுறையில் செய்யுங்கள்.

எண் சரிதான், ஆனால் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் மறுக்கிறது என்றால் கன்ட்ரோலரின் கடிகாரத்தைப் பாருங்கள். உள்ளே கைக்கடிகாரத்துக்குப் போடுவது மாதிரி ஒரு சி.ஆர்.2032 பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி 2000 ஜனவரி 1-க்கு ஓடிவிடும். காலை ஆறரை மணிக்கு மெஸ்ஸுக்குக் கிளம்பும் பிள்ளையை “இரவு நேரம், வெளியே போகக் கூடாது” என்று கதவு தடுக்கும். பேட்டரி விலை ஒரு டீ, ஒரு வடை விலைக்குக் கொஞ்சம் கூட.

பச்சை விளக்கு எரிகிறது, கதவு திறக்கவில்லை

இப்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கன்ட்ரோலர் பெட்டியில் “டிக்” என்று ரிலே தட்டும் ஒலி கேட்கிறதா? கேட்காவிட்டால் ரிலே போயிருக்கிறது. கேட்டால் லாக்கின் முனையில் மீட்டர் வையுங்கள். டிக் என்றதும் 12 வோல்ட் பூஜ்யமாக வேண்டும். பூஜ்யமாகவில்லை என்றால் வயரை ரிலேயின் என்.சி. (சும்மா இருக்கும்போது கரண்டை விடும்), என்.ஓ. (தட்டினால்தான் விடும்) முனைகளில் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், அல்லது ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டன. பூஜ்யமாகியும் கதவு ஒட்டியே இருந்தால், கரண்ட் போன பிறகும் இரும்பில் எஞ்சி நிற்கும் காந்தம்தான் காரணம். காந்தத்தோடு ஒட்டும் இரும்புத் தகட்டை அரம் வைத்து யாராவது “பளபளப்பாக” ஆக்கியிருப்பார்கள். அதன் முலாம் போனால் தகட்டை மாற்றுவதே வழி.

சிலர் சொல்வார்கள், “கதவு திறக்கும்போதெல்லாம் ரீடர் ஒருமுறை செத்துப் பிழைக்குது.” சரியான வர்ணனை. மேக்னட் லாக் பெரிய கம்பிச் சுருள். கரண்டைத் திடீரென்று நிறுத்தினால் எதிர்த் திசையில் ஒரு மின்னடி அடிக்கும். அந்த அடி கன்ட்ரோலரை உலுக்கி மறுபடி ஸ்டார்ட் ஆக வைக்கும். ரிலே முனைகள் ஒட்டிக்கொள்வதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். லாக்கின் இரு முனைக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம் பார்க்க, லாக்குக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போடுங்கள். சில ரூபாய் சாமான். இதைப் போடாததால் மாற்றிய போர்டுகளின் விலையை நான் கூட்டிப் பார்த்ததில்லை, பார்க்கவும் மனமில்லை.

பூட்டியிருக்கிறது, ஆனால் தோளால் தள்ளினால் திறக்கிறது

பாதுகாப்பு என்று பார்த்தால் இருப்பதிலேயே மோசமான பழுது இது. இதற்கு மட்டும் யாரும் போன் செய்ய மாட்டார்கள். தெரிந்த மாணவர்களுக்கு இது வசதி.

விடுதிகளில் சாதாரணமாக மாட்டும் லாக் 600 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 280 கிலோ இழுவையைத் தாங்கும் என்று போட்டிருப்பார்கள். தகடும் காந்தமும் முழுமுகமாக ஒட்டினால்தான் அந்த 280. நடுவே ஒரு தாள் தடிமன் இடைவெளி வந்தாலும் பலம் சரிந்துவிடும். ஸ்டூலில் ஏறித் தகட்டை விரலால் தடவிப் பாருங்கள். நான் எடுத்தவை: செல்லோ டேப், ஒரு ரூபாய்க் காசு, மடித்த பஸ் டிக்கெட், ஒருமுறை ஸ்டிக்கர் பொட்டு. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வார்டனுக்குத் தெரியாமல் இரவு வெளியே போய்வரக் கண்டுபிடித்த வழி. எடுத்துவிட்டுத் துடைத்தால் கதவு மறுபடி இறுகும். வாரம் ஒருமுறை தடவிப் பார்க்கும் பழக்கத்தை வாட்ச்மேனுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை என்றால் தகட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். அது லேசாக ஆட வேண்டும். பின்னால் ரப்பர் வாஷர் இருப்பதே கதவு கொஞ்சம் கோணினாலும் தகடு தானே திரும்பிக் காந்தத்தில் சமமாக உட்காரட்டும் என்றுதான். “ஆடுது சார், டைட் பண்ணிட்டேன்” என்று பெருமையாகச் சொன்ன எலக்ட்ரீஷியன்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஆடுவதுதான் சரி.

அடுத்து வோல்ட்டேஜ். பெட்டியில் 12 காட்டும், லாக்கில் காட்டாது. மிச்சம் பிடிக்கிறேன் என்று நெட்வொர்க் கேபிளில் ஒரு ஜோடி வயரை மட்டும் எடுத்து 40 மீட்டர் இழுத்திருப்பார்கள். அரை ஆம்பியர் இழுக்கும் லாக்குக்கு அந்த மெல்லிய வயர் வழியே போய்ச் சேருவது ஏறக்குறைய 9.4 வோல்ட்தான். பிடிமானம் அதைவிட வேகமாக இறங்கும். பவருக்குத் தனியாகத் தடித்த வயர் இழுங்கள், அல்லது பவர் சப்ளையைக் கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கதவு முழுக்க வந்து மூடாமல் ஓரங்குலம் முன்னாலேயே நின்றால் டோர் குளோசரில் எண்ணெய் ஒழுகிவிட்டது. ஆர்.எஃப்.ஐ.டி.க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பார்கள். மூடாத கதவைப் பூட்ட எந்தக் கார்டாலும் முடியாது.

ஆள் அறையில், கணக்கில் வெளியே

ஒரு மழை நாள். மகளிர் விடுதி. இரவு ஒன்பதரைக்கு வார்டன் ஸ்கிரீனைப் பார்க்கிறார். ஒரு மாணவி மாலை ஐந்து மணிக்கு வெளியே போனதாகப் பதிவு இருக்கிறது, திரும்பி வந்ததாக இல்லை. போன் சுவிட்ச் ஆஃப். பத்து மணிக்கு ஊரில் இருக்கும் அப்பாவுக்கு போன் போட்டுவிட்டார். அந்த மனிதர் ராத்திரியோடு பஸ் ஏறினார். பத்தே காலுக்கு அறையைத் தட்டிப் பார்த்தால் பிள்ளை போர்வைக்குள் தூங்குகிறாள். மழைக்கு நான்கு பேர் ஒரே குடையில் ஓடி வந்திருக்கிறார்கள். முன்னால் வந்தவள் தட்டினாள், மற்ற மூவரும் கதவு மூடும் முன் நுழைந்துவிட்டார்கள். இரண்டு பேர் பிறகு நினைவாகத் தட்டியிருக்கிறார்கள், இவள் தட்டவில்லை.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, உங்க மெஷின் தப்புத் தப்பா காட்டுது” என்றார் அந்த வார்டன் மேடம். மெஷின் தப்பாகக் காட்டவில்லை. கார்டுகளை எண்ணத்தான் அதற்குத் தெரியும், தலைகளை எண்ணத் தெரியாது. இதைப் புரிந்துகொள்ளாமல் எத்தனை லட்சம் போட்டாலும் விடுதிப் பாதுகாப்பு காகிதத்தில்தான் இருக்கும்.

பார்க்க வேண்டியவை. கதவு எத்தனை விநாடி திறந்திருக்கிறது? பத்து, பதினைந்து என்று வைத்திருப்பார்கள், ஐந்துக்கு இறக்குங்கள். கதவில் சென்சர் இருந்தால், மூடிய உடனே பூட்டும்படியும், இருபது விநாடிக்கு மேல் திறந்தே கிடந்தால் கத்தும்படியும் மாற்றுங்கள். உள்ளே வர மட்டும் ரீடர் வைத்து, வெளியே போகப் பட்டன் வைத்திருந்தால் யார் உள்ளே என்ற கேள்விக்கு அந்தக் கதவால் பதில் சொல்லவே முடியாது. இரு பக்கமும் ரீடர் வேண்டும். முந்நூறு பேர் ஒரே நேரத்தில் மெஸ்ஸுக்குப் போகும் வாசலில் ஒற்றைக் கதவை நம்பாதீர்கள். ஒருவர் பின் ஒருவராக விடும் டர்ன்ஸ்டைல்தான் அங்கே ஒத்துவரும்.

சாஃப்ட்வேரில் ‘ஆன்டி பாஸ்பேக்’ என்று ஒன்று இருக்கும். உள்ளே போனதாகப் பதிவான கார்டு, வெளியே போகாமல் மறுபடி உள்ளே போக முடியாது என்பது அதன் விதி. ஒரே கார்டை ஜன்னல் வழியே நீட்டித் தோழியை உள்ளே வரவழைக்கும் தந்திரத்துக்கு இது முட்டுக்கட்டை. ஆனால் கண்டிப்பான வகையை விடுதியில் போடாதீர்கள். மறந்து தட்டாமல் போன பிள்ளை இரவில் வாசலிலேயே மாட்டிக்கொள்வாள். பாதுகாப்புக்கு வைத்த பூட்டு ஒரு பெண்ணை இருட்டில் வெளியே நிறுத்தினால் அதைவிடக் கேவலம் இல்லை. கதவைத் திறந்துவிட்டு, மீறலை மட்டும் பதிந்து எச்சரிக்கும் மென்மையான வகையைப் போடுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எல்லார் நிலையையும் ஒருமுறை பூஜ்யமாக்குங்கள்.

ஸ்கிரீனில் “வெளியே” என்று ஒரு பெயர் நின்றால் முதல் வேலை அறைக் கதவைத் தட்டுவது. இரண்டாவது, அறைத்தோழிகளைக் கேட்பது. பெற்றோருக்குப் போன் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையைப் பிரிண்ட் எடுத்து வார்டன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. யார் எத்தனை மணிக்குப் போனார், வந்தார் என்ற பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கம் பல விடுதிகளில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-இல் தனிச் சட்டமே வந்தது, அது அவர்கள் பாதுகாப்புக்காக. அதற்காக ஒரு பெண்ணின் அன்றாட நடமாட்டத்தை ஊருக்குக் காட்டலாம் என்று எங்கும் இல்லை. 2023-இல் நாடு முழுவதுக்குமாக டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறிவிட்டது. பார்க்கும் உரிமையை வார்டனுக்கும் இன்னொருவருக்கும் மட்டும் கொடுங்கள். எத்தனை நாள் பதிவை வைத்திருப்பது என்று எழுதி முடிவுசெய்து, மீதியை அழியுங்கள்.

ஒரே கார்டு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில்

மாலை 7.58-க்கு விடுதி வாசல், 8.01-க்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி நூலகம். பதிவில் இப்படி விழுந்தால் மூன்றில் ஒன்று: இரு கன்ட்ரோலர்களின் கடிகாரம் ஒத்துப்போகவில்லை, கார்டைக் கைமாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அல்லது நகல் எடுத்திருக்கிறார்கள். இதே வரிசையில் பாருங்கள். கடிகாரம்தான் காரணம் என்று தெரிந்து, விசாரணைக்குக் கூப்பிட்ட பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்ட நிர்வாகமும் உண்டு.

நகல் எடுப்பது அவ்வளவு சுலபமா என்று கேட்பார்கள். 125 கிலோஹெர்ட்ஸ் ஈ.எம். கார்டுக்குப் பூட்டு என்று ஒன்றும் கிடையாது. பவர் கொடுக்கும் யாரிடமும் தன் எண்ணை ஒப்பித்துவிடும். எழுதக்கூடிய வெற்றுக் கார்டில் அதே எண்ணை ஏற்ற ஒரு நிமிடம் ஆகாது. டூப்ளிகேட் சாவி போடும் கடைகளிலேயே அந்தக் கருவி வந்துவிட்டது.

13.56 மெகாஹெர்ட்ஸில் மிகப் பரவலான மைஃபேர் கிளாசிக் 1994-இல் வந்தது. அதற்குப் பூட்டு உண்டு, ஆனால் சாவி 48 பிட்தான், பூட்டும் முறையையும் நிறுவனம் ரகசியமாக வைத்திருந்தது. 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்றிக் பிளாட்ஸ் இருவரும் சிப்பைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்து அந்த ரகசியத்தின் பெரும்பகுதியை அவிழ்த்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகக் குழு முழுவதுமாக உடைத்தது. வெளியிடக் கூடாது என்று தயாரிப்பாளரான என்.எக்ஸ்.பி. நிறுவனம் நீதிமன்றம் போனது. நீதிமன்றம் ஆராய்ச்சியாளர்கள் பக்கம் நின்றது. இவ்வளவும் நடந்து இத்தனை வருடம் கழித்தும் புது விடுதிக்கு டெண்டர் விடும்போது அதே கார்டைத்தான் கேட்கிறார்கள், விலை குறைவு என்பதால்.

மாற்ற முடிந்தால் டெஸ்ஃபயர் ஈ.வி.2 அல்லது ஈ.வி.3 வகைக்கு மாறுங்கள். 128 பிட் ஏ.இ.எஸ். பூட்டு. ஆனால் இதிலும் ஒரு ஓட்டை உண்டு, விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். விலை உயர்ந்த கார்டை வாங்கிவிட்டு, சிப் யாரிடமும் சொல்லிவிடும் அதன் வெளி எண்ணை மட்டும் ரீடர் படிக்கும்படி விட்டுவிடுவார்கள். வெளி எண்ணுக்குப் பூட்டு கிடையாது. வங்கி லாக்கர் வாங்கி நகையை அதன் மேலே வைத்தது மாதிரி. “உள்ளே இருக்கும் ஃபைலைச் சாவி போட்டுப் படிக்கிறதா, வெளி எண்ணை மட்டும் படிக்கிறதா?” என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சாவி தொழிற்சாலையில் போட்டதா, உங்களுடையதா என்றும் கேளுங்கள்.

மாற்றப் பணம் இல்லையா? தொலைந்த கார்டை அன்றே பட்டியலிலிருந்து நீக்குங்கள். ஆண்டு முடிந்து போன மாணவர்களின் கார்டுகளை ஜூன் மாதமே நீக்குங்கள். கதவு திறக்கும்போது மாணவரின் படம் வாட்ச்மேன் ஸ்கிரீனில் பெரிதாக வரும்படி வையுங்கள். நகலை எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது, படத்தையும் முகத்தையும் பார்க்கும் வாட்ச்மேன் கண்டுபிடிப்பார்.

கரண்ட் போனதும் கதவுகள் எல்லாம் திறந்துவிட்டன

மேக்னட் லாக்கின் இயல்பே அது, பழுதில்லை. கரண்ட் இருந்தால் பிடிக்கும், போனால் விடும். அப்படித்தான் இருக்க வேண்டும். உங்கள் புகார் பேட்டரியைப் பற்றியது. ஒரு கதவுக்கு லாக், ரீடர், கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்து முக்கால் ஆம்பியருக்குள் இழுக்கும். புது 7 ஆம்பியர்-அவர் பேட்டரி எட்டு மணி நேரம் வரை இழுத்துக்கொடுக்கும். அதே ஒரு பேட்டரியில் நான்கு கதவைக் கட்டினால் இரண்டு மணி நேரம்கூட நிற்காது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பேட்டரியில் மீட்டர் வையுங்கள். அரை மணியில் 12-க்குக் கீழே விழுந்தால் ஆயுள் முடிந்தது. நம் ஊர் வெயிலில் இரண்டு, மூன்று வருடத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பேட்டரியைப் பிரித்துவிட்டு சார்ஜ் ஆகும் முனையில் 13.6 முதல் 13.8 வோல்ட் வரை வருகிறதா என்றும் பாருங்கள். சாதாரண 12 வோல்ட் அடாப்டரில் கட்டியிருந்தால் பேட்டரி ஒருநாளும் நிறையவே நிறையாது.

இதற்கு நேர்மாறான பழுதுதான் என் தூக்கத்தைக் கெடுப்பது. கதவு திறந்துவிடுகிறதே என்று பயந்து, ஆர்.எஃப்.ஐ.டி. கதவுக்கு வெளியே கொலாப்சிபிள் கேட்டை இழுத்துப் பூட்டு போட்டு, சாவியை வாட்ச்மேன் இடுப்பில் செருகி வைத்திருப்பார்கள். தீ பிடித்தால் மேக்னட் விட்டுவிடும், கேட் விடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அந்த மாவட்டத்துக்காரன் நான். இந்த மாதிரிப் பூட்டைப் பார்த்தால் கை வேலைக்குப் போகாது, முதலில் வாய்தான் போகும்.

சோதிக்கும் முறை இது. கதவுக்கு உள்பக்கம் பச்சை நிறத்தில் அவசரப் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். அதை அழுத்தியதும் கன்ட்ரோலரைக் கேட்காமல் லாக்கின் கரண்ட் நேரடியாக அறுபட வேண்டும். கன்ட்ரோலரின் பவரை அணைக்காமல், அதன் டேட்டா வயரை மட்டும் கழற்றிவிட்டுப் பச்சைப் பெட்டியை அழுத்துங்கள். கதவு விடாவிட்டால் வயரிங் தப்பு, பெட்டி சும்மா அலங்காரம். அன்றைக்கே பிரித்து, லாக்குக்குப் போகும் பிளஸ் வயரைப் பெட்டியின் வழியாகவே கொண்டுபோங்கள். தீ எச்சரிக்கை மணி இருக்கும் கட்டடம் என்றால் அதன் ரிலேயையும் இதே வயரில் தொடராகச் சேருங்கள். பிறகு மணியை அடிக்கவிட்டு ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பாருங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை டிபனுக்குப் பிறகு, பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு.

வேலை முடிந்ததும் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி பேட்டரி மாற்றிய தேதி, லாக் முனையில் கண்ட வோல்ட்டேஜ், பச்சைப் பெட்டி சோதித்த தேதி மூன்றையும் பால்பாயின்டில் எழுதிவிடுங்கள். மார்க்கரில் எழுதினால் வியர்வைக் கை பட்டு அழிந்துவிடும்.